40 பேர் நினைத்தால் சபாநாயகரையே இறக்க முடியுமா? ஃப்ரீடம் காகஸ் பற்றி ஒரு இழை

#1 கரிசல்காட்டான்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் யூடியூப்பை மேய்ந்துகொண்டிருந்தேன். 2023 ஜனவரியில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நடந்த சபாநாயகர் தேர்தல் காட்சிகள் சிக்கின. விடியற்காலை வரை உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

நாலு நாள், 15 சுற்று. 14-வது சுற்றில் கெவின் மெக்கார்த்திக்கு ஒரே ஒரு ஓட்டு குறைகிறது. அவரை ஜெயிக்க விடாமல் உட்கார்ந்திருந்த மேட் கேட்ஸ் மேல் மைக் ராஜர்ஸ் என்ற உறுப்பினர் பாயப் போகிறார். ரிச்சர்ட் ஹட்சன் பின்னாலிருந்து வாயோடு சேர்த்துப் பிடித்து இழுக்கிறார். இன்னொரு பக்கம் மார்ஜரி டெய்லர் கிரீன் கைபேசியை நீட்டுகிறார், திரையில் 'டி.டி.' என்று பெயர். யார் லைனில் என்று சொல்ல வேண்டியதில்லை. மேட் ரோசன்டேல் என்பவர் அந்த போனை வாங்காமல் கையாலேயே விலக்கிவிடுகிறார். ட்ரம்ப் போனை!

எல்லாருமே குடியரசுக் கட்சிக்காரர்கள். சொந்தக் கட்சித் தலைவருக்கு இந்தப் பாடு. கீழே கமெண்டில் எல்லாரும் "ஃப்ரீடம் காகஸ், ஃப்ரீடம் காகஸ்" என்கிறார்கள். யார் இவர்கள்? 435 பேர் சபையில் 20 பேர் முரண்டு பிடித்தால் கட்சி அவர்களைத் தூக்கி எறியாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஓய்வுபெற்ற கணக்கர்

தம்பி, கொள்கையை அப்புறம் பார்ப்போம், முதலில் கணக்கைப் பாருங்கள்.

ஃப்ரீடம் காகஸ் என்பது பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சிக்குள்ளேயே உள்ள தீவிரப் பழமைவாதிகளின் குழு. தொடங்கியது 2015 ஜனவரியில். அதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்த தேர்தலில் குடியரசுக் கட்சி 247 இடம் பிடித்திருந்தது. பெரும்பான்மைக்கு 218. அதாவது கையில் உபரி 29. இதில் 30 பேர் சேர்ந்து ஒன்றாக "மாட்டோம்" என்றால் சபாநாயகராக இருக்கும் கட்சித் தலைவரிடம் 217தான் மிஞ்சும். ஜனநாயகக் கட்சியிடம் போய்க் கையேந்தாமல் எதையும் நிறைவேற்ற முடியாது. அப்படிக் கையேந்தினால் அன்றைக்கே அவர் பெயர் கெட்டுவிடும்.

ஆக, 30 பேருக்கு மேல் உள்ள ஒரு கட்டுக்கோப்பான கூட்டம் வேண்டும். அதைத்தான் கட்டினார்கள். அப்போது காகஸில் ஏறக்குறைய 40 பேர் என்பார்கள். உறுப்பினர் பட்டியலை அவர்கள் அதிகாரபூர்வமாக வெளியிடுவதில்லை. அழைத்தால்தான் சேர முடியும். அதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு: காகஸுக்குள் 80 சதவீதம் பேர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் மற்றவர்களும் அதன்படியே ஓட்டுப் போட வேண்டும். விலக்குகள் உண்டு, ஆனால் கொஞ்சம்தான்.

ரிபப்ளிகன் ஸ்டடி கமிட்டி என்று 1973-லிருந்தே ஒரு பழமைவாதக் குழு இருக்கிறது. அது பெருத்துப் பெருத்து, கட்சியின் பெரும்பாலானவர்கள் அதில்தான் இருக்கிறார்கள் என்ற நிலைக்கு வந்துவிட்டது. எல்லாரும் உறுப்பினர் என்றால் யாருக்கும் பலம் இல்லை. அதிலிருந்து வெறுத்துப்போய் ஒன்பது பேர் சேர்ந்து ஆரம்பித்ததுதான் ஃப்ரீடம் காகஸ். ஜிம் ஜோர்டன் முதல் தலைவர். மார்க் மெடோஸ், மிக் மல்வேனி, ராவுல் லாப்ரடோர், ஜஸ்டின் அமாஷ், பின்னால் ஃப்ளோரிடா கவர்னர் ஆன ரான் டிசாண்டிஸ் எல்லாம் அந்த ஒன்பதில் உண்டு.

#3 வக்கீல் மல்லிகா

> கட்சி அவர்களைத் தூக்கி எறியாதா?

கரிசல் அண்ணா, நீங்கள் நம் ஊர் கண்ணாடி போட்டுப் பார்க்கிறீர்கள். இங்கே 1985-லிருந்து அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், இருக்கிறது. கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும். 2017-ல் தமிழ்நாட்டில் 18 எம்.எல்.ஏ.க்கள் முதல்வருக்கு எதிராக ஆளுநரிடம் கடிதம் கொடுத்ததற்கே பதவி இழந்தார்கள். கடிதம்தான், ஓட்டுக்கூட இல்லை!

அமெரிக்காவில் அந்தச் சட்டமே கிடையாது. அதைவிடப் பெரிய வித்தியாசம் சீட்டு கொடுப்பது யார் என்பது. இங்கே தலைமை 'டிக்கெட்' தரும். அங்கே பிரைமரி என்ற உட்கட்சித் தேர்தலில் தொகுதி வாக்காளர்கள் தருகிறார்கள். சபாநாயகர் கோபித்துக்கொண்டால் குழுப் பதவியைப் பிடுங்கலாம், தேர்தல் நிதியை நிறுத்தலாம். வேட்பாளர் ஆவதைத் தடுக்க முடியாது.

குழுப் பதவியைப் பிடுங்கினால்கூட என்ன ஆனது பாருங்கள். 2015 ஜூனில் வர்த்தக மசோதா தொடர்பான ஒரு நடைமுறை ஓட்டில் தலைமைக்கு எதிராகப் போட்டதற்காக மெடோஸின் துணைக்குழுத் தலைவர் பதவி பறிக்கப்பட்டது. காகஸ் கூச்சல் போட்டது, சில நாளிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம், ஜூலை 28, தன் பிறந்தநாளன்று, சபாநாயகர் ஜான் பேனரை நீக்கக் கோரும் தீர்மானத்தை அதே மெடோஸ் தாக்கல் செய்தார்.

#4 கரிசல்காட்டான்

'பேனர்' என்று படித்ததும் எங்கள் ஊர் கல்யாண பேனர் கண்ணில் வந்துவிட்டது, மன்னிக்கவும். தீர்மானம் நிறைவேறியதா?

#5 வக்கீல் மல்லிகா

ஓட்டுக்கே வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. செப்டம்பர் 24 அன்று போப் பிரான்சிஸ் காங்கிரஸில் பேசினார். பேனர் பக்தியான கத்தோலிக்கர், மேடையிலேயே கண் கலங்கினார். மறுநாள் காலை ராஜினாமா அறிவிப்பு. அடுத்து வர வேண்டிய மெக்கார்த்தி அக்டோபர் 8-ம் தேதி திடீரென்று போட்டியிலிருந்து விலகினார். கடைசியில் பால் ரயனைக் கெஞ்சிக் கூட்டிவந்தார்கள். அவருக்கும் காகஸில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுதான், 80 சதவீதம் வரவில்லை. அதனால் அதிகாரபூர்வ ஆதரவு கிடைக்கவில்லை, "எதிர்க்க மாட்டோம்" என்ற அளவில் விட்டுவிட்டார்கள்.

#6 லண்டன் யாழ்ப்பாணத்தான்

இதே கூத்து இஞ்சையும் நடந்தது. பிரிட்டனில் கன்சர்வேடிவ் கட்சிக்குள் ஐரோப்பிய ஆய்வுக் குழு எண்டு ஒண்டு இருக்கு, 1993-ல் தொடங்கினது. பெயரைக் கேட்டால் ஏதோ பல்கலைக்கழக வேலை எண்டு நினைப்பீங்கள். அப்ப பிரதமரா இருந்த தெரேசா மேயின் பிரெக்ஸிட் ஒப்பந்தத்தைத் திரும்பத் திரும்ப விழுத்தினதில் அவையளுக்குப் பெரிய பங்கு. 2018 டிசம்பர் 12-ல் மேக்கு எதிரா கட்சிக்குள்ள நம்பிக்கை வாக்கெடுப்பு, 200-க்கு 117-ல் தப்பினா. அடுத்த வருசம் போயிட்டா.

ஆனால் மல்லிகா அக்கா சொன்ன வித்தியாசம் இஞ்ச நல்லாத் தெரியும். 2019 செப்டம்பரில் பொரிஸ் ஜோன்சன் ஒரே இரவில் 21 எம்.பி.மாரைக் கட்சிக்குழுவில் இருந்து தூக்கினார். சேர்ச்சிலின்ர பேரனும் அதுக்குள்ள. அமெரிக்காவில் அப்பிடிச் செய்ய ஏலாது.

#7 இடதுகை

எல்லாரும் ஏதோ அரசியல் சாசனப் பாடம் மாதிரி எழுதுகிறீர்கள். இவர்கள் ஒபாமா எதிர்ப்பில் கிளம்பிய டீ பார்ட்டி என்ற வலதுசாரி இயக்கக் கும்பலின் மிச்சம். நிதி ஒதுக்க விடாமல் அரசாங்கத்தை இழுத்து மூடுவது, அரசு கடன் வாங்கும் உச்ச வரம்பைப் பிணையாகப் பிடிப்பது, இதுதான் இவர்கள் தொழில். எதையாவது கட்டியிருக்கிறார்களா? இடித்ததைத் தவிர?

#8 சிக்கனக்காரன்

இடதுகை தோழர் எப்போதும் போல ஒரே அடி. அவர்கள் கேட்டதில் பாதி நியாயம். ஆயிரக்கணக்கான பக்க மசோதாவை முந்தின நாள் ராத்திரி கையில் கொடுத்து மறுநாள் ஓட்டுப் போடச் சொன்னால் எந்த மானமுள்ள உறுப்பினர் ஒத்துக்கொள்வார்? மசோதாவைப் படிக்க 72 மணி நேரம் கொடு, திருத்தம் கொண்டுவர விடு, நாலு தலைவர்கள் மூடிய அறையில் முடிவு செய்யாதே, இதெல்லாம் அவர்கள் கோரிக்கைதான். காகஸ் பிறந்தபோது அமெரிக்காவின் கடன் 18 லட்சம் கோடி டாலர். பத்து வருடத்தில் அது இரு மடங்கு. யாராவது ஒருவர் 'போதும்' என்று சொல்ல வேண்டாமா?

#9 ஓய்வுபெற்ற கணக்கர்

சண்டை வேண்டாம். அவர்கள் கையில் இருந்த ஆயுதம் எது என்று பார்த்தால் இருவருக்குமே விஷயம் விளங்கும்.

பிரதிநிதிகள் சபையில் பெரிய மசோதா நேராக ஓட்டுக்கு வராது. விதிகள் குழு முதலில் 'ரூல்' என்ற ஒரு தீர்மானம் போடும்: எத்தனை மணி நேரம் விவாதம், எந்தத் திருத்தம் அனுமதி என்று. அந்த ரூல் சபையில் நிறைவேறினால்தான் மசோதா உள்ளே வரும். எதிர்க்கட்சி வழக்கமாக ரூலுக்கு எதிராகத்தான் போடும், மசோதா அவர்களுக்குப் பிடித்திருந்தாலும்கூட. அதனால் ரூலை நிறைவேற்றுவது ஆளும் பக்கத்தின் தனிப் பொறுப்பு. மசோதாவை எதிர்ப்பது சாதாரணம், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ரூலைத் தோற்கடிப்பது தலைவரின் சட்டைக் காலரைப் பிடிப்பது மாதிரி.

2002-க்குப் பிறகு 20 வருடத்துக்கு மேல் ஒரு ரூல்கூடத் தோற்றதில்லை. 2023 மே 31 அன்று மெக்கார்த்தி, பைடனோடு பேசி முடித்த கடன் வரம்பு மசோதாவை 314-117 என்று நிறைவேற்றினார். காகஸுக்குக் கொதிப்பு. ஒரு வாரத்துக்குள் 11 பேர் சேர்ந்து அடுத்த ரூலைக் கவிழ்த்தார்கள். அந்த மசோதா எதைப் பற்றித் தெரியுமா? கேஸ் அடுப்பு! கேஸ் அடுப்பைத் தடை செய்யாதே என்ற மசோதா, அவர்களுக்கே பிடித்த மசோதா. அதைத்தான் பலி கொடுத்தார்கள். கோபம் அடுப்பின் மேல் இல்லை என்று காட்ட அதைவிட நல்ல வழி கிடையாது.

#10 வர்ஜீனியா வேலு

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். நான் வர்ஜீனியாவின் 5-வது தொகுதியில் 14 வருடமாகக் குடியிருக்கிறேன், சார்லட்ஸ்வில் பக்கம். காகஸின் தலைவராக இருந்த பாப் குட் எங்கள் எம்.பி.யாக இருந்தவர். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குட் வந்த கதையே தனி. 2020-ல் எங்கள் எம்.பி. டென்வர் ரிகிள்மேன், அவரும் குடியரசுக் கட்சிதான். அதற்கு முந்தின வருடம், தனக்காகத் தேர்தலில் தன்னார்வலர்களாக வேலை பார்த்த இரண்டு ஆண்களுக்குத் திருமணம் நடத்திவைத்திருந்தார். கட்சியின் பழமைவாதிகளுக்கு அது பிடிக்கவில்லை. தீர்ந்தது. கொரோனா காலம் என்பதால் கட்சி மாநாட்டை லிஞ்ச்பர்க்கில் ஒரு சர்ச் வளாகத்தில் காரில் வந்தபடியே நடத்தினார்கள். வண்டியை விட்டு இறங்காமல் வாக்குச்சீட்டைப் போட்டுவிட்டுப் போக வேண்டும், ஏதோ பர்கர் வாங்குவது மாதிரி. லட்சக்கணக்கான மக்கள் உள்ள தொகுதியின் வேட்பாளரைச் சில ஆயிரம் பேர் முடிவு செய்தார்கள். சிட்டிங் எம்.பி. காலி, குட் உள்ளே.

அதுதான் காகஸ்காரர்களின் தைரியத்துக்கு ஊற்று. "தலைமை என்னை ஒன்றும் செய்ய முடியாது, என்னை அனுப்பிய அந்தச் சில ஆயிரம் பேர் என்னோடு இருக்கிறார்கள்." 2023 அக்டோபர் 3 அன்று ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து மெக்கார்த்தியை 216-210 என்று இறக்கிய எட்டு குடியரசுக் கட்சிக்காரர்களில் குட்டும் ஒருவர். அந்த அத்தியாயத்தின் நாயகன் கேட்ஸ் காகஸ் உறுப்பினரே இல்லை, இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அப்புறம் 2024. குட் செய்த ஒரே தப்பு, ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில் டிசாண்டிஸை ஆதரித்தது. காகஸைத் தொடங்கிய ஒன்பது பேரில் ஒருவரை, காகஸ் தலைவர் ஆதரிக்கிறார், இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். டிசாண்டிஸ் விலகியதும் குட் ஓடிப்போய் ட்ரம்பை ஆதரித்தார். பலிக்கவில்லை. பிரைமரியில் குட்டை எதிர்த்து நின்ற ஜான் மெக்குவயரைத்தான் ட்ரம்ப் ஆதரித்தார்.

அந்த மே, ஜூன் மாதங்களில் என் தபால் பெட்டியைத் திறந்தால் தினமும் நாலைந்து பளபளப்பு அட்டைகள். என் மனைவி அவற்றைக் குப்பைக்குப் போடும் முன் நான் எடுத்து அடுக்கிவைப்பேன், இன்னும் ஒரு கட்டு இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் இரண்டு தரப்பின் அட்டையிலும் ட்ரம்ப் படம். கடனைப் பற்றி, பட்ஜெட்டைப் பற்றி, ரூலைப் பற்றி ஒரு வரி கிடையாது. யார் ட்ரம்புக்கு அதிக விசுவாசி என்பது மட்டும்தான். குட் பெயரையும் ட்ரம்ப் பெயரையும் சேர்த்துப் போட்ட பலகைகள் சாலையோரம் முளைத்தன. "எங்கள் ஆதரவு உங்களுக்கு இருப்பது போலக் காட்டாதீர்கள், உடனே நிறுத்துங்கள்" என்று ட்ரம்ப் தரப்பிலிருந்து வக்கீல் கடிதமே வந்தது.

ஜூன் 18 வாக்குப்பதிவு. வர்ஜீனியாவில் கட்சிப் பதிவு கிடையாது, யார் வேண்டுமானாலும் எந்தப் பிரைமரியிலும் ஓட்டுப் போடலாம். நானும் போனேன். யாருக்கு என்று கேட்காதீர்கள். மறுஎண்ணிக்கை வரை போய், குட் நானூறுக்கும் குறைவான ஓட்டில் தோற்றார். மெக்குவயரை ஆதரித்த வாரன் டேவிட்சனைக் காகஸ் வெளியேற்றியது. வெளியேற்றி என்ன? தலைவரே வீட்டுக்குப் போய்விட்டார்.

#11 இடதுகை

வேலு சார், இதைத்தான் நான் சொல்ல வந்தேன். கொள்கை எல்லாம் வேஷம்.

#12 வர்ஜீனியா வேலு

இல்லை தம்பி, நான் சொல்வது அது இல்லை. கொள்கை வேஷம் என்றால் ஜஸ்டின் அமாஷை என்ன சொல்வீர்கள்? தொடங்கிய ஒன்பதில் அவரும் ஒருவர். தான் போட்ட ஒவ்வொரு ஓட்டுக்கும் ஃபேஸ்புக்கில் காரணம் எழுதி வைத்த மனிதர். 2019 மே மாதம் ட்ரம்ப் பதவி நீக்க விசாரணைக்குரிய குற்றம் செய்தார் என்று எழுதினார். ஜூனில் காகஸை விட்டார், ஜூலை 4 அன்று கட்சியையே விட்டார். அவர் மாறவில்லை, அவர் உட்கார்ந்திருந்த அறை மாறிவிட்டது.

மற்றவர்கள் எங்கே போனார்கள் பாருங்கள். மல்வேனி ட்ரம்பின் பட்ஜெட் இயக்குநர், பிறகு வெள்ளை மாளிகையின் தற்காலிகத் தலைமை அலுவலர். அவருக்குப் பின் அதே நாற்காலிக்கு மெடோஸ். 2017 மார்ச்சில் ஒபாமா மருத்துவச் சட்டத்தை மாற்றும் மசோதாவைக் காகஸ் நிறுத்தியபோது, 2018 தேர்தலில் இவர்களை எதிர்த்துப் போராடுவோம் என்று ட்விட்டரில் மிரட்டியவர் இதே ட்ரம்ப். அப்போது அவர்கள் அசையவில்லை. மே மாதம் தங்களுக்கு வேண்டிய திருத்தம் வந்த பிறகுதான் 217-213 என்று நிறைவேற விட்டார்கள்.

#13 கரிசல்காட்டான்

2017-ல் அசையாதவர்கள் ஏழெட்டு வருடத்தில் இப்படி ஆகிவிட்டார்களா? 2025-ல் என்ன செய்தார்கள்?

#14 சிக்கனக்காரன்

இதை நானே எழுதிவிடுகிறேன், வயிற்றெரிச்சல்.

ஜனவரி 3, மைக் ஜான்சன் சபாநாயகர் தேர்தல். காகஸைச் சேர்ந்த ரால்ஃப் நார்மனும் கீத் செல்ஃபும் முதலில் வேறு பெயர் சொன்னார்கள். ட்ரம்ப் போனில் பேசினார். ஓட்டை மாற்றினார்கள். 2023-ல் போனை விலக்கிய கை எங்கே, இது எங்கே.

ஜூலையில் ட்ரம்பின் வரி, செலவு மசோதா, அவர் வைத்த பெயர் 'பெரிய அழகான மசோதா'. மே மாதமே காகஸ் தலைவர் ஆண்டி ஹாரிஸ் ஆதரவும் இல்லை எதிர்ப்பும் இல்லை என்று ஓட்டுப் போட்டு, 215-214 என்று அதைத் தாண்ட விட்டார். செனட் அதை இன்னும் பற்றாக்குறை கூட்டித் திருப்பி அனுப்பியது. ஜூலை 2 அன்று காகஸ் மூன்று பக்கக் குறிப்பு வெளியிட்டது. பற்றாக்குறை கூடுகிறது, இது நாம் பேசியது இல்லை என்று வரிசையாக. நல்ல குறிப்பு, நான் படித்தேன். அன்று ஒரு நடைமுறை ஓட்டை ஏழு மணி நேரத்துக்கு மேல் திறந்தே வைத்திருந்தார்கள், அதுவரை சபை வரலாற்றிலேயே நீளமான ஓட்டு. விடியற்காலை மூன்று மணி வாக்கில் எல்லாரும் மசிந்தார்கள். மறுநாள் 218-214. எதிர்த்த குடியரசுக் கட்சிக்காரர்கள் இரண்டே பேர்: தாமஸ் மேசி, பிரையன் ஃபிட்ஸ்பேட்ரிக். இரண்டு பேருமே காகஸில் இல்லை! பத்து வருடத்தில் கூடும் பற்றாக்குறை 3.4 லட்சம் கோடி டாலர் என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் கணக்குச் சொன்னது. என் இனத்தவர்கள், என்ன செய்வது.

#15 ஓய்வுபெற்ற கணக்கர்

சிக்கனக்காரன் நேர்மையாக எழுதிவிட்டார். நான் மறுபடி என் கணக்குக்கே வருகிறேன்.

2015-ல் உபரி 29, அதனால் 30 பேர் கொண்ட சங்கம் தேவைப்பட்டது, 80 சதவீத விதி தேவைப்பட்டது. 2023-ல் குடியரசுக் கட்சி 222, நாலு பேருக்கு மேல் இழக்க முடியாது. 2025-ல் இன்னும் கம்மி. உபரி மூன்று என்றால் தலைவரை நிறுத்த நாலு பேர் போதும், அதற்கு எதற்கு சங்கம், விதி, தலைவர், செயலாளர்? கேட்ஸ் சங்கத்தில் சேராமலே மெக்கார்த்தியை இறக்கினார். 2025 நவம்பரில் பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீன் தொடர்பான ஆவணங்களை வெளியிடும் மசோதாவைத் தலைமையின் விருப்பத்துக்கு எதிராக ஓட்டுக்குக் கொண்டுவந்த மனுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனநாயகக் கட்சியினரோடு கையெழுத்துப் போட்ட குடியரசுக் கட்சியினர் நாலே பேர். மேசி எப்போதுமே காகஸில் இல்லை. கிரீனை 2023-ல் காகஸே ஓட்டுப் போட்டு வெளியேற்றியது. நான்சி மேஸ் காகஸ் இல்லை. லாரன் போபர்ட் மட்டும்தான் காகஸ். 218 கையெழுத்து சேர்ந்தது, பிறகு சபை 427-1 என்று நிறைவேற்றியது.

உபரி பெரிதாக இருந்த காலத்துக்குத் தைத்த சட்டை அது. இப்போது உடம்பு மெலிந்துவிட்டது.

#16 லண்டன் யாழ்ப்பாணத்தான்

கணக்கர் ஐயா, அப்ப நாளைக்குக் குடியரசுக் கட்சி 245 எடுத்தால்? சங்கத்துக்குத் திரும்ப உயிர் வருமோ?

#17 ஓய்வுபெற்ற கணக்கர்

கணக்குப்படி வர வேண்டும். ஆனால் 30 பேர் ட்ரம்ப் போனை எடுக்காமல் இருக்க வேண்டும். அது என் பாடத்தில் இல்லை, வேலு தம்பியின் தபால் பெட்டியைத்தான் கேட்க வேண்டும்.

#18 கரிசல்காட்டான்

எல்லாருக்கும் நன்றி. ஒரு சின்னச் சந்தேகம்: இவர்கள் எங்கே கூடுவார்கள்? காங்கிரஸ் கட்டடத்திலேயே அறை உண்டா?

#19 வர்ஜீனியா வேலு

ஆரம்ப நாட்களில் கேப்பிடலுக்குப் பக்கத்தில் டார்ட்டியா கோஸ்ட் என்ற மெக்சிகன் சாப்பாட்டுக் கடையின் கீழ்த்தளத்தில்தான் கூடினார்கள். உலகத்தின் பணக்கார அரசாங்கத்தை மூடுவதா வேண்டாமா என்று சோளச் சில்லும் சல்சாவும் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள். பெயர் வைக்கக்கூட நிறையத் தடுமாறினார்களாம். கடைசியில் யாருக்கும் பெரிதாக ஆட்சேபணை இல்லாத பெயர் என்று 'ஃப்ரீடம்' தேறியிருக்கிறது.

அட்டைக் கட்டைப் படம் எடுத்துப் போடச் சொல்லி இரண்டு பேர் தனிமடலில் கேட்டிருக்கிறீர்கள். வீட்டு முகவரியை மறைத்துவிட்டு வார இறுதியில் போடுகிறேன்.